விண்பயண இயக்குநரின் பணி: ஜீன் கிரான்ஸை முன்வைத்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்வெளி வீரர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். ஏவூர்திகளை வடிவமைத்த அறிவியலாளர்களின் பெயர்களும் ஓரளவு தெரியும். கலம் மேலே போன பிறகு அதை இரவும் பகலும் தரையிலிருந்து நடத்துகிறவர்களைப் பற்றித்தான் அதிகம் தெரிவதில்லை. அந்த வேலை எப்படிப்பட்டது, அதற்கு ஒரு பொறியாளர் எப்படி வந்து சேர்கிறார் என்பதை, அதில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த அமெரிக்கப் பொறியாளர் ஜீன் கிரான்ஸின் பணிவாழ்வைக் கொண்டு இங்கே விளக்க முயல்கிறோம்.

விண்பயண இயக்குநர் என்பவர் ஏவூர்தியை ஏவுகிறவரா?

அல்லர். ஏவுவது ஒரு பணி, பயணத்தை நடத்துவது வேறொரு பணி. நிலவுக்கு மனிதரை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் காலத்தில் ஏவுதல் புளோரிடாவிலுள்ள கென்னடி மையத்தின் பொறுப்பாக இருந்தது. ஏவூர்தி கோபுரத்தின் உச்சியைத் தாண்டியதும் பொறுப்பு டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரிலுள்ள கட்டுப்பாட்டு மையத்துக்கு மாறிவிடும். அந்தக் கணம் முதல் கலம் கடலில் இறங்கும்வரை, ஒவ்வொரு பணிமுறையிலும் (ஷிப்ட்) ஒருவர் தலைமைப் பொறுப்பில் இருப்பார். அவரே விண்பயண இயக்குநர். வீரர்களின் பாதுகாப்புக்கும் பயணத்தின் வெற்றிக்கும் தேவையென்று தாம் கருதும் எந்த நடவடிக்கையையும் அவர் எடுக்கலாம் என்று நாசாவின் பயண விதிகளே கூறுகின்றன. அரசு நிறுவனம் ஒன்றில், முப்பதுகளில் இருந்த ஒருவரிடம் இத்தனை அதிகாரம் எழுத்து மூலமாகவே ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதைக் கோப்புகள் மேசைக்கு மேசை நகரும் அலுவலகங்களைப் பார்த்துப் பழகிய நாம் சற்று நின்று கவனிக்க வேண்டும்.

ஜீன் கிரான்ஸ் யார்? என்ன படித்தார்?

1933 ஆகஸ்ட் 17 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் பிறந்தார். ஏழு வயதில் தந்தையை இழந்தார். கோள்களுக்கிடையே செல்லும் ராக்கெட்டின் வடிவமைப்பைப் பற்றிப் பள்ளியிறுதியில் ஒரு கட்டுரை எழுதினார். செயற்கைக்கோள் என்ற ஒன்றே வானில் இல்லாத 1950களின் தொடக்கம் அது. 1954இல் செயின்ட் லூயி பல்கலைக்கழகத்தின் பார்க்ஸ் கல்லூரியில் வானூர்திப் பொறியியலில் பட்டம் பெற்றார். பிறகு விமானப்படையில் சேர்ந்து எஃப்-86 சேபர் போர் விமானங்களை ஓட்டினார். கொரியாவில் போர் ஓய்ந்த பிறகு அங்கே ரோந்துப் பணியில் இருந்தார். படையிலிருந்து வந்ததும் மெக்டொனல் விமான நிறுவனத்துக்காக நியூ மெக்சிகோவின் ஹாலமன் விமானத் தளத்தில், பி-52 குண்டுவீச்சு விமானத்திலிருந்து ஏவப்படும் ஏமாற்று ஏவுகணைகளின் சோதனைகளை நடத்தினார். 1960இல் நாசாவின் விண்வெளிப் பணிக்குழுவில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 27.

படிப்பு இந்த வேலைக்கு நேரடியாகப் பயன்பட்டதா?

ஒரு பகுதிதான் பயன்பட்டது. விண்பயணத்தை நடத்துவதற்கென்று 1960இல் எந்தக் கல்லூரியிலும் பாடத்திட்டம் இருந்ததில்லை. நடத்தப்பட்ட பயணமே இல்லாதபோது பாடம் எங்கிருந்து வரும்? ஆனாலும் அவருடைய வாழ்க்கையின் மூன்று துண்டுகள் சரியான இடத்தில் வந்து பொருந்தின. பொறியியல் படிப்பு ஓர் அமைப்பு ஏன் அப்படி இயங்குகிறது என்று கேட்கக் கற்றுத் தந்திருந்தது. ஒற்றை இருக்கை விமானத்தை ஓட்டிய அனுபவம், நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவெடுப்பதென்றால் என்னவென்று உடம்பிலேயே பதித்திருந்தது. சோதனைத் தளத்து வேலையோ, ஒரு பறத்தலுக்கு முன்னால் எத்தனை காகிதங்கள் எழுதப்பட வேண்டும் என்பதைக் காட்டியிருந்தது. மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கைகொடுத்தது என்பது எங்கள் கருத்து. நாசாவில் அவருக்குக் கிடைத்த முதல் வேலையே நடைமுறைகளை எழுதும் அலுவலர் வேலைதான்.

முதல் பயணமே தோல்வியில் முடிந்தது என்பது உண்மையா?

உண்மை. கிறிஸ்டோபர் கிராஃப்ட் என்ற பொறியாளர்தான் நாசாவின் முதல் விண்பயண இயக்குநர். அவர் கிரான்ஸை, சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் அமெரிக்காவின் முதல் திட்டமான மெர்க்குரியில், மெர்க்குரி-ரெட்ஸ்டோன் 1 என்ற ஆளில்லாச் சோதனைக்காகப் புளோரிடாவின் கேப் கனாவெரல் ஏவுதளத்துக்கு அனுப்பினார். 1960 நவம்பர் 21 அன்று எஞ்சின் பற்றியது, புகை எழுந்தது. ஆனால் ராக்கெட் சுமார் 10 சென்டிமீட்டர் மட்டுமே உயர்ந்து, எஞ்சின் அணைந்து, மறுபடியும் ஏவுமேடையிலேயே அமர்ந்துகொண்டது. ஆபத்துக் காலத்தில் விண்கலத்தை இழுத்துச் செல்ல வேண்டிய தப்பிப்புக் கோபுரம் கலத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் பறந்துபோனது. கலத்தின் உச்சியிலிருந்து பாராசூட்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து தொங்கின. தரையோடு இணைத்திருந்த இரண்டு மின்வடங்கள் கழன்ற வரிசை மாறியதே காரணம் என்று பிற்பாடு தெரிந்தது. முதலில் கழல வேண்டியது அப்புறமாகக் கழன்றது. அந்த இடைவெளி ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

பார்த்தவர்களுக்கு அது நகைப்புக்குரிய காட்சி. அருகில் போக வேண்டியவர்களுக்கு அப்படியில்லை. எரிபொருள் நிறைந்த ராக்கெட் எந்தப் பிடிப்புமின்றி மேடைமேல் நிற்கிறது, பாராசூட்டில் காற்றுப் பிடித்தால் சாய்ந்துவிடும். துப்பாக்கியால் சுட்டுத் தொட்டியில் ஓட்டை போடலாம் என்பது உள்பட விதவிதமான யோசனைகள் வந்தன. கடைசியில், மின்கலம் தானாகத் தீரவும் திரவ ஆக்சிஜன் ஆவியாகிப் போகவும் விட்டுவிட்டு மறுநாள்வரை காத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாதபோது எதையும் செய்யாதே என்ற பாடத்தைக் கிராஃப்ட் தம் குழுவுக்கு அன்று சொன்னார். கேட்க எளிதாகத் தோன்றும் இந்தப் பாடத்தை, பத்தாண்டுகள் கழித்து அப்பல்லோ 13 விபத்தின் முதல் மணி நேரத்தில் கிரான்ஸ் கடைப்பிடிக்க வேண்டியிருந்தது.

பயண விதிகள் என்பவை யாவை?

இந்தப் பணியின் உயிரே அவைதான் என்று சொன்னால் மிகையாகாது. கலம் மேலே இருக்கும்போது சிந்திப்பதற்கு நேரம் இராது. ஆகவே, சிந்தனையைப் பல மாதங்களுக்கு முன்பே, மேசையைச் சுற்றி உட்கார்ந்து, சண்டையிட்டு முடித்துவிட வேண்டும். இந்த அளவி இந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது, இரண்டு கணினிகளில் ஒன்று பழுதானால் தொடர்வதா திரும்புவதா, வானொலித் தொடர்பு அறுந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று ஒவ்வொரு நிலைமைக்கும் ஒரு முடிவு எழுதப்பட்டு, வீரர்களும் தரைக்குழுவும் மேலதிகாரிகளும் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தொகுப்பே பயண விதிகள். மெர்க்குரி காலத்தில் இவற்றை எழுதத் தொடங்கியவர்களுள் கிரான்ஸும் ஒருவர். எழுதும்போதே தெரியாத பலவும் அகப்படும். விதியை எழுதத் தெரியவில்லை என்றால் அந்த உறுப்பு எப்படி இயங்குகிறது என்பதே நமக்குத் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

பயணத்தின் முக்கியக் கட்டங்களில் இயக்குநர் ஒவ்வொரு நிபுணரையும் பெயர் சொல்லி அழைத்து "கோ" அல்லது "நோ கோ" என்ற பதிலைக் கேட்பது இந்த விதிகளின் வெளித்தோற்றம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிலவில் இறங்கிய பிறகு "கோ" என்று சொன்னால் அங்கேயே இரு என்று பொருளா, கிளம்பு என்று பொருளா? இந்தக் குழப்பம் ஒத்திகையில் கவனத்துக்கு வந்ததால், இறங்கிய பிறகு மட்டும் "ஸ்டே", "நோ ஸ்டே" என்று சொற்களை மாற்றினார்கள். ஒரு சொல்லின் இருபொருள் உயிரைப் பறிக்கக்கூடும் என்று அஞ்சித் திருத்தி எழுதுகிற இந்தக் கவனம், பொறியாளர்களிடம் நாம் எதிர்பார்க்காத ஒரு மொழியுணர்வு.

அந்த அறையில் யாரெல்லாம் இருப்பார்கள்?

ஒரு பணிமுறையில் ஒவ்வொரு கன்சோலிலும், அதாவது திரைகளும் பொத்தான்களும் கொண்ட கட்டுப்பாட்டு மேசையிலும், ஒருவர். கலத்தின் பாதையைக் கணக்கிடுபவர், வழிநடத்தும் கணினியைக் கவனிப்பவர், மின்சாரத்தையும் உயிர்க்காப்புச் சாதனங்களையும் கவனிப்பவர், மருத்துவர் என்று பலர் இருப்பார்கள். கலத்திலிருப்பவர்களோடு பொதுவாக ஒருவர் மட்டுமே பேசுவார், அவரும் ஒரு விண்வெளி வீரராகவே இருப்பார். தொலைக்காட்சியில் தெரிவது இந்த முன்னறைதான். ஒவ்வொரு கன்சோலுக்கும் பின்னால், வேறு அறைகளில், அதே துறையைச் சேர்ந்த நிபுணர்கள் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னறையில் ஆண்டுக்கணக்கில் இருந்து தேறியவர்களே முன்னறைக்கு வருவார்கள். அப்பல்லோ காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதைத் தாண்டாதவர்கள். நிலவில் முதல் மனிதர் இறங்கிய நாளில் அந்த அறையின் தலைவரான கிரான்ஸுக்கே வயது 35தான்.

ஒத்திகைகளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

அப்பல்லோ 11இன் கதையைச் சொன்னால் போதும். ஒத்திகையில் வீரர்கள் பாவனைக் கலத்தில் உட்காருவார்கள், தரைக்குழு உண்மையான கன்சோல்களில் உட்காரும். இவர்களுக்குத் தெரியாமல் ஒரு தனிக்குழு நடுவில் பழுதுகளைப் புகுத்தும். பழுது புகுத்துவோரின் தலைவர் இரக்கமே இல்லாதவராக இருக்க வேண்டும், இருந்தார்.

1969 ஜூலையில், ஏவுதல் நெருங்கிய வேளையில் நடந்த ஓர் ஒத்திகையில், நிலவின் தரையில் இறங்குவதற்கான தனிக் கலமான இறங்குகலத்தின் கணினி ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டும்படி செய்தார்கள். அதன் பொருள் அறையில் யாருக்கும் பிடிபடவில்லை. வழிநடத்தல் கன்சோலில் இருந்த 26 வயது ஸ்டீவ் பேல்ஸ், இறங்குவதைக் கைவிடும்படி சொன்னார். கிரான்ஸ் அதை ஏற்று இறக்கத்தை நிறுத்தினார். ஒத்திகை முடிந்ததும் விமர்சனம் வந்தது: நிறுத்தியிருக்கவே வேண்டாம், கலம் நன்றாகத்தான் இருந்தது, அந்த எச்சரிக்கையைப் பற்றி உங்களிடம் விதி இல்லை என்பதுதான் குறை. கிரான்ஸ் அதை மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளவில்லை. கணினி காட்டக்கூடிய எல்லா எச்சரிக்கை எண்களையும் ஆராய்ந்து, எதற்கு நிறுத்த வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பட்டியலிடச் செய்தார். பின்னறையில் இருந்த 24 வயது ஜாக் கார்மன் அதைக் கைப்படத் தாளில் எழுதி வைத்துக்கொண்டார்.

ஜூலை 20 அன்று, நிலவின் தரையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், உண்மையான கலத்தின் கணினி 1202 என்ற எச்சரிக்கையைக் காட்டியது. ஆர்ம்ஸ்ட்ராங் விளக்கம் கேட்டார், அவர் குரலில் அவசரம் தெரிந்தது. தேவையற்ற நிலையில் இயங்கிக்கொண்டிருந்த ஒரு ரேடார் கணினியின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது, கணினி முக்கியமில்லாத வேலைகளை உதறிவிட்டு முக்கியமானவற்றை மட்டும் தொடர்ந்தது. இந்தக் காரணம் அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் காரணம் தெரியாமலே முடிவு தயாராக இருந்தது. எச்சரிக்கை தொடர்ச்சியாக வராதவரை இறங்கலாம் என்று கார்மன் தாளைப் பார்த்துச் சொன்னார், பேல்ஸ் "கோ" என்றார், செய்தி மேலே போனது. இறங்கி முடிவதற்குள் 1202 நான்கு முறையும் 1201 ஒரு முறையும் வந்தன, ஒவ்வொரு முறையும் அதே பதில்தான். எரிபொருள் இன்னும் 30 நொடிக்கு என்ற அறிவிப்புக்குப் பிறகு கலம் தரையைத் தொட்டது. அமெரிக்கக் குடியரசுத்தலைவர் நிக்சன் பின்னர் வீரர்களைப் பாராட்டிய விருந்தில், தரைக்குழுவின் சார்பில் விருதைப் பெற்றுக்கொண்டவர் பேல்ஸ். அந்த ஒத்திகையில் ஒரு தவறு நேராமலிருந்தால் இந்த விருதும் இல்லை, ஒருவேளை அன்று நிலவில் இறங்கியதும் இல்லை.

அப்பல்லோ 1 தீ விபத்துக்குப் பிறகு என்ன மாறியது?

1967 ஜனவரி 27 அன்று ஏவுமேடையில், பறப்பதற்கல்லாத ஒரு சோதனையில், தூய ஆக்சிஜன் நிரம்பிய கலத்துக்குள் தீப்பிடித்து கஸ் கிரிஸம், எட் ஒயிட், ரோஜர் சாஃபி ஆகிய மூவரும் இறந்தார்கள். அடுத்த திங்கட்கிழமை கிரான்ஸ் தம் குழுவினரைக் கூட்டினார். வன்பொருள் செய்தவர்களைக் குறை சொல்லாமல், கால அட்டவணை நம்மைத் துரத்த நாம் அனுமதித்தோம், குறைகளைக் கண்டும் நிறுத்துங்கள் என்று எழுந்து நின்று சொல்லவில்லை என்று பழியைத் தங்கள் மேலேயே போட்டுக்கொண்டார். இனி இரண்டு சொற்களால் நம்மை அறிவார்கள் என்றார். ஒன்று உறுதி: செய்ததற்கும் செய்யத் தவறியதற்கும் பொறுப்பேற்பது. மற்றொன்று திறமை: எதையும் அரைகுறையாகத் தெரிந்துவைத்துக்கொள்ளாதிருப்பது. அவ்விரு சொற்களையும் அவரவர் அறையின் கரும்பலகையில் எழுதி, அழிக்காமல் வைத்திருக்கச் சொன்னார். தீயைத் தொடர்ந்து கலத்தின் கதவு வெளிப்புறம் விரைவாகத் திறக்கும்படி மாற்றப்பட்டது, எளிதில் பற்றும் பொருள்கள் அகற்றப்பட்டன. அவை பிற பொறியாளர்களின் பணி.

அப்பல்லோ 13ஐக் காப்பாற்றியவர் கிரான்ஸ்தானா?

ஊர் கூடி இழுத்த தேர் அது. 1970 ஏப்ரல் 13 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, ஹூஸ்டன் நேரப்படி, பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கும் அப்பால், மின்சாரமும் ஆக்சிஜனும் தரும் பகுதியான சேவைக்கலத்தின் ஓர் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. கிரான்ஸின் பணிமுறை முடியும் தறுவாயில் இருந்தது. முதல் சில நிமிடங்களில் அளவிகள்தான் பழுதோ என்றே பலரும் எண்ணினார்கள். ஒரே நேரத்தில் அத்தனை உறுப்புகள் கெடுவது நம்பக்கூடியதாக இல்லை. அந்தக் குழப்பத்தில் கிரான்ஸ் செய்தது, யூகத்தின்மேல் நடவடிக்கை எடுத்து நிலைமையைக் கெடுத்துவிடாதீர்கள் என்று குழுவை நிதானப்படுத்தியது. அடுத்ததாக, கலத்தின் முதன்மை எஞ்சினைப் பற்றவைத்து உடனே திரும்பிவிடலாம் என்ற வழியை ஒதுக்கி, நிலவைச் சுற்றிக்கொண்டு வரும் நீண்ட பாதையைத் தேர்ந்தார். வெடிப்பில் எஞ்சினுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாத நிலையில் அதைத் தொடக்கூடாது என்பது அவர் கணக்கு.

ஆனால் வீரர்கள் இருந்த பகுதியான கட்டளைக்கலம் உயிர்விட்டுக்கொண்டிருந்தபோது, வீரர்களை இறங்குகலத்துக்கு மாற்றி, வழிநடத்தல் தரவுகளைக் கைமாற்றி, அதை உயிர்ப்பித்த அந்த நெருக்கடியான மணிநேரங்களில் பொறுப்பில் இருந்தவர் அடுத்த பணிமுறையின் இயக்குநரான கிளின் லனி. அவர் பெயர் மக்களுக்கு அதிகம் தெரியாமல் போனது நியாயமில்லை என்றே நினைக்கிறோம். ஜெரால்டு கிரிஃபின், மில்டன் விண்ட்லர் என்ற மற்ற இருவரும் முறை வைத்து அந்த நான்கு நாட்களை நடத்தினார்கள். இறங்குகலம் இருவருக்கு இரண்டு நாட்களுக்கென்று செய்யப்பட்டது. மூவருக்கு நான்கு நாட்கள் அது ஈடுகொடுக்க வேண்டியிருந்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் சதுரப் பெட்டியை வட்டத் துளைக்குப் பொருத்தும் வழியை, பிளாஸ்டிக் பைகளையும் கையேட்டு அட்டைகளையும் குழாய்களையும் ஒட்டுநாடாவையும் கொண்டு, எட் ஸ்மைலி என்ற பொறியாளரின் குழு தரையில் செய்து காட்டியது.

கிரான்ஸ் தம் குழுவைப் பெரும்பாலும் கன்சோல்களிலிருந்து விலக்கி, தனி அறைக்கு அழைத்துச் சென்றார். அணைத்து வைக்கப்பட்டு, உள்ளே சில டிகிரி வெப்பமே மிஞ்சிய கட்டளைக்கலத்தை, பூமியின் காற்றுமண்டலத்துக்குள் மறுநுழைவதற்கென்றிருந்த சிறிய மின்கலங்களை மட்டும் கொண்டு மறுபடியும் உயிர்ப்பிக்க ஒரு செயல்வரிசை வேண்டும். வழக்கமாக அப்படியொன்றை எழுதிச் சரிபார்க்க மாதக்கணக்காகும், இங்கே மூன்று நாட்கள்தான் இருந்தன. மின்சாரத்தைப் பங்கிடும் முழு அதிகாரத்தையும் அவர் ஜான் ஆரன் என்ற இளைஞரிடம் கொடுத்தார். எந்தச் சாதனம் எப்போது எவ்வளவு எடுக்கலாம் என்பதில் ஆரனின் சொல்லே இறுதி. ஆளைத் தெரிந்து அதிகாரத்தைக் கைமாற்றிய இந்தச் செயல், அந்த நான்கு நாட்களில் கிரான்ஸ் செய்தவற்றில் மிகச் சிறந்தது. ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக இறங்கினார்கள். மறுநாள் அறிவிக்கப்பட்ட குடியரசுத்தலைவரின் சுதந்திரப் பதக்கம், தரையைப் பொறுத்தவரை, தனியொருவருக்கு அல்லாமல் பயண இயக்கக் குழு முழுவதற்கும் வழங்கப்பட்டது.

தோல்விக்கு இடமே இல்லை என்று அவர் அன்று முழங்கியதாகச் சொல்கிறார்களே?

அன்று அப்படி அவர் சொல்லவில்லை. விபத்து நடந்து 25 ஆண்டுகள் கழித்து வந்த திரைப்படத்துக்காக எழுதப்பட்ட வசனம் அது. அவருக்குப் பிடித்துப்போகவே, பின்னாளில் தம் நினைவுக்குறிப்புகளுக்கு அதையே தலைப்பாக வைத்தார். உண்மையில் அவரது தொழிலே தோல்விகளை வரிசையாக எண்ணி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை எழுதி வைப்பதுதான் என்பதால், அந்த வசனம் அவர் வேலையை நேர்மாறாகக் காட்டுகிறது என்றும் சொல்லலாம்.

வெள்ளைநிற மேற்சட்டையின் கதை என்ன?

ஒவ்வொரு இயக்குநரின் குழுவுக்கும் ஒரு நிறம் உண்டு. கிராஃப்டின் குழு சிவப்பு, ஜான் ஹாட்ஜின் குழு நீலம், கிரான்ஸின் குழு வெள்ளை. 1965 ஜூனில், மெர்க்குரிக்கும் அப்பல்லோவுக்கும் இடைப்பட்ட ஜெமினி திட்டத்தின் ஜெமினி 4 பயணத்தில் கிரான்ஸ் முதன்முறையாக இயக்குநர் இருக்கையில் அமர்ந்தபோது, அவர் மனைவி மார்ட்டா வெள்ளைநிறக் கையில்லா மேற்சட்டை ஒன்றைத் தைத்துக் கொடுத்தார். அதன்பின் பயணத்துக்கு ஒன்றாகத் தைத்தார். அப்பல்லோ 13இன்போது அணிந்தது இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பெண்களுக்கு அந்த அறையில் இடம் இருந்ததா?

நெடுங்காலம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1968 டிசம்பரில், அப்பல்லோ 8 நிலவைச் சுற்றித் திரும்பியபோது, திரும்பும் பாதையைக் கணக்கிடும் பின்னறையில் பாப்பி நார்த்கட் என்ற இளம் பொறியாளர் இருந்தார். ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தின் தொழில்நுட்பப் பணியில் அமர்ந்த முதல் பெண் அவர், நாசாவின் ஊழியரல்லாமல் ஒப்பந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர். விண்பயண இயக்குநராக முதன்முதலில் ஒரு பெண் தேர்வானது 1985இல்தான். அவர் மிஷெல் பிரெக்கி. அப்போது துறைத் தலைவராக இருந்தவர் கிரான்ஸ்.

கன்சோலை விட்டு எழுந்த பிறகு கிரான்ஸ் என்ன செய்தார்?

1972இல் அப்பல்லோ 17உடன் இயக்குநர் இருக்கையிலிருந்து விடைபெற்றார். பிறகு நிர்வாகப் பொறுப்புகள் வந்தன. 1983இல் பயண இயக்கத் துறையின் இயக்குநரானார். பயணக் கட்டுப்பாட்டாளர்களின் பயிற்சி, திட்டமிடல், ஆள்சேர்ப்பு யாவும் அவர் கையில் வந்தன. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்ணோடம் எழுவரோடு அழிந்ததும் அக்காலத்தில்தான். நிர்வாகக் காலத்தைப் பற்றி யாரும் படமெடுப்பதில்லை. ஆனால், ஒரு நல்ல கட்டுப்பாட்டாளர் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும் தொழிலில், அடுத்த தலைமுறையைத் தயாரிப்பது கன்சோலில் உட்காருவதைவிடச் சிறிய வேலையல்ல. 1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடத்தின் வீரர்கள் ஐந்து முறை விண்நடை நடந்து ஹபிள் தொலைநோக்கியின் பார்வைக் கோளாற்றைச் சரிசெய்தார்கள். அந்த வெற்றிக்குப் பின், 1994இல் கிரான்ஸ் ஓய்வு பெற்றார்.

ஆளில்லாக் கலங்களை நடத்துவதும் இதே மாதிரிதானா?

அடிப்படை ஒன்றுதான், ஆனால் கால அளவு வேறு. செவ்வாய்க்குச் சென்ற இந்தியாவின் மங்கள்யான் நல்ல எடுத்துக்காட்டு. பெங்களூரின் பீனியாவிலுள்ள இஸ்ரோவின் தொலையளவி, தடமறிதல், கட்டளை வலையமைப்பிலிருந்து அது நடத்தப்பட்டது. நகருக்கு வெளியே பியாலாலுவில் உள்ள 32 மீட்டர் ஆன்டெனா அதன் செவியாகவும் வாயாகவும் இருந்தது. 2013 நவம்பர் 5 அன்று ஏவப்பட்ட கலத்தின் சுற்றுப்பாதையைப் படிப்படியாக உயர்த்திக்கொண்டிருந்தபோது, நவம்பர் 11 அன்று ஒரு முயற்சி குறைபட்டது. எரிபொருள் வால்வைத் திறக்கும் முதன்மை மின்சுருளையும் மாற்றுச் சுருளையும் ஒரே நேரத்தில் இயக்கிச் சோதித்தபோது எஞ்சினுக்கு எரிபொருள் போவது நின்றது. ஒரு லட்சம் கிலோமீட்டரை எட்ட வேண்டிய உச்சி, அதாவது சுற்றுப்பாதையில் பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளி, 78,276 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. சிறிய உந்திகள் தாமாகவே கலத்தை நிலைப்படுத்தின, மறுநாளே கூடுதல் முயற்சியால் உச்சி 1,18,642 கிலோமீட்டருக்கு உயர்த்தப்பட்டது. அந்தச் சுருள்களை இனி ஒருசேர இயக்குவதில்லை என்ற தெளிவும் கிடைத்தது.

செவ்வாயை அடையும்போது குறிப்பலை போய்ச்சேர 12 நிமிடங்களுக்கு மேல் ஆனது. எஞ்சின் எரிய வேண்டியது 24 நிமிடங்கள், அதில் ஒரு பகுதியில் கலம் கோளுக்குப் பின்னால் மறைந்திருக்கும். ஏதோ தவறு என்று பெங்களூருக்குத் தெரிந்து, பதில் கட்டளை போய்ச்சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆகவே கட்டளைகள் யாவும் பல நாட்களுக்கு முன்பே கலத்தின் நினைவகத்தில் ஏற்றப்பட்டன. ஏறத்தாழ 300 நாட்கள் உறங்கிய எஞ்சின் விழிக்குமா என்று செப்டம்பர் 22 அன்று நான்கு நொடிகள் எரித்துப் பார்த்தார்கள். 2014 செப்டம்பர் 24 காலை அந்த அறையில் இருந்தவர்களுக்குக் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. அவர்கள் செய்ய வேண்டிய முடிவுகளை எல்லாம் முன்பே செய்து அனுப்பிவிட்டிருந்தார்கள்.

இந்தப் பணிக்கு இப்போது எப்படிச் சேர்வது?

நாசாவில் விண்பயண இயக்குநராக அமெரிக்கக் குடியுரிமையும், பொறியியல், அறிவியல் அல்லது கணிதத்தில் பட்டமும், பொறுப்பு கூடிக்கொண்டே வந்த பணியனுபவமும் வேண்டும். ஆறு பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் அப்பதவிக்கு வந்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். 2000 நவம்பர் முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ஆள் இல்லாத நாளே இல்லை என்பதால், ஹூஸ்டனில் அந்த இருக்கையும் ஒரு நாள்கூடக் காலியாக இருப்பதில்லை.

இந்தியாவில் இஸ்ரோ தன் ஆள்சேர்ப்பு வாரியத்தின் மூலம் இயந்திரவியல், மின்னணுவியல், கணினி ஆகிய துறைகளில் பொறியாளர்களை எடுக்கிறது. திருவனந்தபுரம் வலியமலையிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல், தொழில்நுட்பக் கழகத்திலிருந்தும் வருகிறார்கள். பயண இயக்கத்தில் ஆர்வமுள்ளவர்கள் பெங்களூர் பீனியாவையும், புவிநிலைச் செயற்கைக்கோள்களை நடத்தும் ஹாசன், போபால் மையங்களையும் குறிவைக்கலாம். வானூர்திப் பொறியியல்தான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. பொள்ளாச்சிக்கு அருகிலுள்ள கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, சந்திரயான்-1இன் திட்ட இயக்குநராக நமக்கு அறிமுகமாவதற்கு முன்பு, செயற்கைக்கோள்களின் பயண இயக்குநராகப் பணியாற்றியவர். அவர் படித்தது மின்னணுவியல்.

சேர்ந்தவுடன் கையில் கிடைப்பது கட்டளை பிறப்பிக்கும் பொத்தானன்று. ஏதேனும் ஓர் உறுப்பின் வெப்பநிலையோ மின்னழுத்தமோ பின்னறையில் ஒரு திரையில் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இயல்பான எண் என்ன, நிழலுக்குள் போகும்போது எவ்வளவு இறங்கும், வெளியே வந்தால் எத்தனை நிமிடத்தில் ஏறும் என்று பார்த்துக் குறித்துக்கொண்டே முதல் ஓரிரு ஆண்டுகள் போகும்.